கேட்டில் கட்டிய துவர்த்து

புஷ்பம் இருந்தாள். சுவரோரம், பாயில்.

உபதேசியார் இருந்தார். பாஸ்டருக்கு அன்று வேறு சபையில் ஒரு கல்யாணம். அதனால் இவர்.

கோலப்பன் இருந்தான். பக்கத்து வீடு. புல் நைட் முடித்து மில் பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு நேராக வந்தவன். கண் இரண்டும் சிவப்பு.

மரியசெல்வம் இருந்தாள். கடியப்பட்டணத்தில் இருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். மீன் பெட்டியைத் தெருமுனை டீக்கடையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் இருந்தேன்.

ஷைனி போனில் இருந்தாள். புஷ்பத்தின் ஒரே மகள். மஸ்கட்டில் நர்ஸ். அவளும் நைட் டூட்டி முடித்து அறைக்கு வந்து, யூனிபார்ம் மாற்றாமல் வீடியோ காலில் வந்தாள். போனை மேஜைமேல் வேதாகமத்தில் சாய்த்து வைத்திருந்தோம்.

ஞானதாஸ் இல்லை. புஷ்பத்தின் புருஷன். அவன் போய் ஒரு மாதம். அதற்குத்தான் ஜெபம்.

போன மாதம் இரண்டு வாரம் பத்திரிகையில் என்னுடைய இந்தப் பத்தி வரவில்லை. உடம்புக்கு என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை... அவ்வளவுதான்.

ஞானதாஸும் நானும் ஒரே மில். ஆரல்வாய்மொழிப் பக்கம் நூல் மில். தக்கலையில் இருந்து மில் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். நான் ரிட்டயர் ஆகி மூன்று வருடம். அவனுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரிங் பிரேம் என்று நீளமாக ஒரு மிஷின். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூற்றுக்கணக்கில் நூல் நூற்கும் கதிர் சுற்றும். எங்கே இழை அறுந்தாலும் போய் ஒட்ட வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். அறுந்தது எத்தனை, ஒட்டியது எத்தனை என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே நடப்பேன். யாரும் எண்ணச் சொன்னது இல்லை. எண்ணாவிட்டால் நின்றுகொண்டே உறங்கிவிடுவேன்.

மூன்று ஷிப்ட். காலை ஆறில் இருந்து இரண்டுவரை பகல். இரண்டில் இருந்து பத்துவரை அரை நைட். பத்தில் இருந்து காலை ஆறுவரை புல் நைட். வாரத்துக்கு ஒன்று மாறும். புல் நைட்டுக்கு உடம்பு பழகி வரும்போது சனிக்கிழமை வந்துவிடும். திங்கள்கிழமை வேறு ஷிப்ட். உடம்பிடம் யார் கேட்கிறார்கள்?

ராத்திரித் தூக்கம் ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். பகல் தூக்கம் அப்படி இல்லை. அதை நாம்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ஸ்டார்ட் ஆகாத ஜீப்பைத் தள்ளுவது மாதிரி. ஒரு குக்கர் விசில் போதும். நின்றுவிடும். திரும்பக் கிளம்பாது.

புல் நைட் வாரத்தில் ஞானதாஸுக்கு எல்லோரும் எதிரி. பழைய இரும்புக்காரனின் மைக். பள்ளிக்கூட வேன். பக்கத்து வீட்டு மிக்ஸி. எல்லோரையும்விட பெரிய எதிரி மரியசெல்வம். அவள் ‘மீனோய்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

ஒருநாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஷைனிக்கு அப்போது ஒரு வயது.

‘‘ஏட்டி, மனுஷன் ஒறங்க வேண்டாமா?’’

‘‘பட்டப்பகல்ல ஒறங்கினா அதுக்கு நானா பிணை?’’

‘‘ராத்திரி பூரா வேல செய்தவனாக்கும் நான்.’’

‘‘நீரு ஒறங்குத வீடு எதுன்னு எனக்கு எப்படி ஓய் தெரியும்? வாசல்ல எழுதியா ஒட்டியிருக்கு? செரி, நான் கூவல. மீன் நாத்தத்துக்கு நீரு முழிச்சா அத எங்க கொண்டு கட்டி வைக்க?’’

தெருவே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். தோளில் கிடந்த சிவப்புத் துவர்த்தை எடுத்து – துண்டை எங்கள் பக்கம் துவர்த்து என்றுதான் சொல்வோம் – இரும்பு கேட்டில் முடிச்சுப் போட்டான்.

‘‘இது கெடந்தா நான் ஒறங்குதேன்னு அர்த்தம். கூவப்பிடாது.’’

‘‘கெடக்கட்டும்’’ என்றாள் மரியசெல்வம்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் அது சட்டம். மில் வீடு ஒன்பது. எந்த கேட்டில் துவர்த்து கிடக்கிறதோ அங்கே உள்ளே ஆள் உறங்குகிறது. மரியசெல்வம் கூவ மாட்டாள். போஸ்ட்மேன் பெல் அடிக்க மாட்டார். சிலிண்டர் கொண்டுவரும் ஆள் சிலிண்டரை உருட்ட மாட்டான், தூக்கிக்கொண்டு போவான். ஒருமுறை புதிதாகக் குடிவந்த வீட்டுக்காரி துவைத்த துவர்த்தை கேட்டில் காயப்போட்டாள். தினமும் போட்டாள். ஒரு வாரம் அந்த வீட்டுக்கு மீன் இல்லை. எங்களிடம் மட்டும் ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள் என்று கோலப்பன் பெண்டாட்டியிடம் போய் அழுதிருக்கிறாள்.

ஷைனி அந்தத் துவர்த்தில் வளர்ந்த பிள்ளை. துவர்த்து கிடந்தால் நுனிக்காலில் நடக்கும். சிரித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நர்சிங் முடித்து, பாஸ்போர்ட் எடுத்து, விமானம் ஏறப்போகும்போதும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தது.

இரண்டு வருடம் முன்னால் ஞானதாஸுக்குப் பிரஷர் என்றார்கள். மாத்திரை எழுதினார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. புல் நைட் வாரத்தில் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

‘‘ஓய், எனக்குக் காலைன்னா எது? விடியததா, நான் எந்திக்கதா?’’

‘‘டாக்டர்ட்ட கேக்கலியா?’’

‘‘கேட்டேன். சிரிச்சாரு.’’

‘‘அப்ப என்ன செய்வீரு?’’

‘‘பொண்டாட்டி தரும்போ தின்னுவேன்.’’

நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. மாத்திரைச் சீட்டில் காலைக்கு ஒரு கட்டம், இரவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ராத்திரி விழித்துப் பகலில் படுப்பவனுக்குக் கட்டம் இல்லை. மில்லை மட்டும் சொல்லவில்லை. வாட்ச்மேன், பஸ் டிரைவர், ஆஸ்பத்திரி வேலைக்காரர், ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் பிள்ளைகள்... இவர்களுக்குக் காலை எது?

அந்த நாளுக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை. புல் நைட் வாரம். முந்தின இரண்டு நாளும் ஞானதாஸ் பகலில் உறங்கவில்லை. இரண்டு வீடு தள்ளி மாடிக்குக் கான்கிரீட் போட்டார்கள். கலவை மிஷினுக்குத் துவர்த்து தெரியுமா? புதன்கிழமை ராத்திரி மில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. ‘‘ஒரு நாளு லீவு போடும் ஓய்’’ என்றேன். ‘‘இன்னைக்கோட கான்கிரீட் முடிஞ்சுது. நாளைக்கு ஒறங்கிக்கலாம்’’ என்றான்.

வியாழன் காலை ஏழேகாலுக்கு வந்தான். ஒரு சாயா குடித்தான். ஒரு தோசை. துவர்த்தைக் கட்டினான். எட்டு மணிக்குப் படுத்தான்.

பன்னிரண்டு மணி இருக்கும், நான் போனேன். எங்கள் மரத்தில் ஒரு வரிக்கச் சக்கை பழுத்திருந்தது. பலாப்பழம். பாதி அவனுக்கு. கேட்டில் துவர்த்து கிடந்தது. நின்றேன். அவன் படுக்கும் அறையின் ஜன்னல் கேட்டை ஒட்டித்தான். உள்ளே குறட்டை. இழுத்து இழுத்து, பெரிதாக.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இரண்டு நாள் உறங்காதவன் உறங்குகிறான்.

சக்கையை கேட்டை ஒட்டிய சுவர்மேல் வைத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன், சரளில் சத்தம் வருமே. அப்படியே திரும்பிவிட்டேன்.

நான்கு மணிக்குப் புஷ்பம் சாயா கொண்டுபோனாள். அவன் எழும்பவில்லை.

ஆட்டோவில் நானும் போனேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர், ஒரு பெண். தலையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் போல என்றார். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். பிறகு புஷ்பத்திடம் கேட்டார்.

‘‘தூங்கும்போது குறட்டை மாதிரி கேட்டுச்சாம்மா? வழக்கத்தைவிட பெருசா, இழுத்து இழுத்து?’’

புஷ்பம் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

‘‘அப்படிக் கேட்டா அது தூக்கம் இல்லம்மா. மயக்கம். அந்த நேரம் கொண்டுவந்திருந்தா...’’ டாக்டர் நிறுத்திக்கொண்டார். ‘‘இல்லைன்னு சொல்றீங்கல்ல. அப்போ படுத்ததுமே போயிருக்கும். கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.’’

நான் புஷ்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் நைட் டூட்டிக்காரர் உண்டா? பகலில் ஒருதரம் உள்ளே போய்த் தொட்டுப் பாருங்கள். எரிந்து விழுவார். விழட்டும்.

ஷைனி வந்தாள். அடக்கம் முடிந்தது. ஐந்து நாள்தான் லீவு. போய்விட்டாள். சக்கை மூன்று நாள் சுவர்மேலேயே இருந்தது. எறும்பு மொய்த்தது. பிறகு யாரோ எடுத்து எறிந்திருக்கிறார்கள். அந்த வீட்டு வாசல் வழி போவதை நான் நிறுத்திவிட்டேன். கடைக்குப் போவதென்றால் பின்பக்கம் வாய்க்கால் வரப்பில் சுற்றிப் போவேன். புஷ்பத்துக்கு ஒன்று தெரியும், சக்கை தானாக வந்து சுவரில் ஏறாது. அது எந்த மரத்துச் சக்கை என்றும் தெரியும். ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

டாக்டர் சொன்னதைத்தான் அவள் எல்லோரிடமும் சொன்னாள். படுத்ததும் போயிட்டாரு. படுத்ததும் போயிட்டாரு. ஆள் பாதியாகிவிட்டாள். ராத்திரி அந்த வீட்டில் விடிய விடிய லைட் எரிகிறது என்று கோலப்பன் சொன்னான். வேலையை எல்லாம் ஞானதாஸ் பஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் தொடங்குகிறாளாம். பாத்திரம் கழுவும் சத்தம். துணி துவைக்கும் சத்தம்.

ஞானதாஸ் போனான். புல் நைட் போகவில்லை.

இனி ஜெபம் நடந்த அன்றைக்கு.

காலை பதினொரு மணி. பாட்டுப் பாடினோம். உபதேசியார் வசனம் வாசித்தார். பாட்டு முடியும்வரை ஷைனியின் முகம் போனில் தெரிந்தது. பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உபதேசியார் ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். நல்ல மனுஷன். கர்த்தர் நம்முடைய சகோதரனை உறக்கத்திலேயே அழைத்துக்கொண்டார், ஒரு வேதனையும் இல்லாமல், படுத்த உடனே, என்றார்.

புஷ்பம் தலையைத் தூக்கினாள். உபதேசியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

‘‘அண்ணே... அந்தச் சக்கைய எத்தன மணிக்கு வச்சிய?’’

உபதேசியார் நிறுத்திவிட்டார்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. எட்டரை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதமாக அந்தப் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். வாயில் வரவில்லை.

‘‘பன்னெண்டு இருக்கும்.’’

‘‘உள்ள சத்தம் கேட்டுதா?’’

‘‘கேட்டுது.’’

‘‘எப்படி?’’

‘‘இழுத்து இழுத்து... பெருசா. இன்னைக்காவது ஒறங்குதான்னு நெனச்சேன் புஷ்பம். எழுப்பப்பிடாதுன்னு நெனச்சேன்.’’

அவள் அழவில்லை. நான் எதிர்பார்த்தபடி ஒன்றும் செய்யவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரியசெல்வம்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

‘‘எக்கா, நானும் கேட்டேன். பத்தர மணி. வெளமீன் கொண்டாந்திருந்தேன், அண்ணனுக்கு இஷ்டம்னு. துவர்த்தப் பாத்துட்டுக் கூவல. உள்ள அந்தச் சத்தம். ‘மனுஷா, நல்லா ஒறங்கும், நான் கூவல’ன்னு துவர்த்துக்கிட்ட சொல்லிட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். ஒருக்கா... ஒரேயொருக்கா நான் கூவியிருந்தா...’’

கோலப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ‘‘பஸ்ஸுல வரும்போவே தல வலிக்குன்னான். ஒறங்கினா செரியாவும்னு நாந்தான் சொன்னேன்.’’

பிறகு புஷ்பம் பேசினாள். மெதுவாக. அந்த வீட்டில் பகலில் பேசிப் பழகிய குரலில்.

‘‘நான் ஒம்பது மணியில இருந்து கேட்டேன் அண்ணே. பெறவு தேங்கா திருவல. குக்கர் வைக்கல. துணிய அடிச்சுத் தொவைக்கல. அறைக் கதவச் சாத்திட்டு, நடையில இருந்து அரிசிக்குக் கல்லு பொறுக்கினேன். ரெண்டு மணிக்குச் சத்தம் நின்னுது. பெரண்டு படுத்திருக்காருன்னு நெனச்சேன்.’’

கையை விரித்துப் பார்த்தாள்.

‘‘சந்தோசமா இருந்தேன் அண்ணே. கல்லு பொறுக்கும்போ எனக்கு அவ்வளவு சந்தோசம்.’’

பாயின் ஓரக் கோரையை நகத்தால் கீறினாள்.

‘‘டாக்டர்ட்ட இல்லன்னு சொன்னேன். ஷைனிட்ட இல்லன்னு சொன்னேன். கேட்டது நான் மட்டுந்தானான்னு ஒரு மாசமா கெடந்து சாவுதேன். அதுக்குத்தான் ஒங்கள்ட்ட கேட்டது. வேற ஒண்ணுக்கும் இல்ல.’’

அதற்கு என்ன சொல்ல? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். உபதேசியார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது.

குறட்டை.

மேஜைமேல் இருந்து. போனில் ஷைனியின் முகம் இல்லை. மேலே சுற்றும் மின்விசிறி தெரிந்தது, மஸ்கட் மின்விசிறி. ராத்திரி முழுக்க வார்டில் நின்ற பிள்ளை, போனைக் கையில் பிடித்தபடியே உறங்கிவிட்டது. இவ்வளவு நேரம் பேசிய எதையும் அது கேட்டிருக்காது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா?

உபதேசியார் உதட்டில் விரலை வைத்தார். கோலப்பன் எழுந்து வெளிக்கதவை மெதுவாகச் சாத்தப் போனான். மரியசெல்வம் அழுகையை விழுங்கினாள். நான் கையை நீட்டினேன், போனில் சத்தத்தைக் குறைக்க. நம் பேச்சு பிள்ளையை எழுப்பிவிடக் கூடாதே.

அத்தனை பேசிய பிறகும்... ஒரு நிமிடம் ஆகவில்லை.

புஷ்பம் என் கையைத் தட்டிவிட்டாள். போனைப் பறித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

‘‘மக்களே.’’

குறட்டை நிற்கவில்லை.

‘‘ஷைனி. ஏட்டி ஷைனி.’’

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

‘‘மக்களே, எந்தி. ஏட்டி, எந்தி மக்களே.’’

குரல் ஏறிக்கொண்டே போனது. இருபத்து மூன்று வருடமாக அந்த வீட்டில் பகலில் யாரும் குரல் உயர்த்தியது இல்லை. தெருவில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் வந்து ஜன்னலில் நின்றார்கள். என்ன, என்ன என்று கேட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கூப்பிட்டாள். திரும்பவும் கூப்பிட்டாள். மரியசெல்வம் அவள் பக்கத்தில் முட்டிபோட்டு நின்றாள். ஆனால் கூப்பிட்டது புஷ்பம் மட்டும்தான்.

போன் ஆடியது. மின்விசிறி போய்த் தலையணை வந்தது. பிறகு ஒரு கண், பாதி முகம்.

‘‘என்னம்மா...? ஒறங்கிட்டேம்மா. டூட்டியில ஒரே...’’

‘‘ஒண்ணுமில்ல மக்களே.’’

‘‘எதுக்குக் கூப்பிட்ட?’’

‘‘சும்மா. நீ ஒறங்கு.’’

இதை எழுதட்டுமா என்று பிறகு புஷ்பத்திடம் கேட்டேன். ‘‘எழுதுங்க. ஷைனி வாசிக்கட்டும். எனக்குச் சொல்ல வராது’’ என்றாள்.

அன்று அவள் கூப்பிடும்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மில் பழக்கம்.

பதினான்கு தடவை.